வின்செஸ்டர் 1873: பழைய துப்பாக்கி என்றால் சட்டம் விட்டுவிடுமா?

நியூஜெர்சியிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், வேலை பார்க்கும் இடம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 41. மென்பொருள் வேலை, எச்-1பி என்ற தற்காலிக வேலை விசா. ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு அனுமதியாகி, கிரீன் கார்டு வரிசையில் வருடக்கணக்காகக் காத்திருக்கிறார். மனைவி அவரைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கிறார். ஒன்பது வயதில் ஒரு மகன். திருநெல்வேலியில் பள்ளியில் படிக்கும்போது தமிழில் வந்த கௌபாய் காமிக்ஸ்களை வரிவிடாமல் படித்தவர். அந்தப் படங்களில் வரும், லீவரைக் கையால் தள்ளி இழுத்துத் தோட்டா ஏற்றும் லீவர் ஆக்‌ஷன் ரைஃபிளின் மீது அப்போதே பிடித்த ஆசை இன்னும் விடவில்லை. சென்ற மாதம் பென்சில்வேனியாவில் ஒரு வீட்டுப் பொருள் விற்பனையில் வின்செஸ்டர் நிறுவனத்தின் 1873 ரக ரைஃபிள் ஒன்றைப் பார்த்திருக்கிறார். 44-40 தோட்டா போடும் ரகம், 1891-இல் செய்தது என்று விற்பவர் சொல்கிறார். புதிது போலப் பளபளக்கிறதாம். விலை 4,200 டாலர். 500 டாலர் முன்பணம் கொடுத்தாகிவிட்டது. "இது ஆன்டிக், காகிதமே தேவையில்லை, காரில் போட்டுக்கொண்டு போகலாம்" என்று விற்பவர் சொல்லியிருக்கிறார். அலமாரியில் ரைஃபிளோடு சேர்த்து வைத்தால் அழகாக இருக்கும் என்று 50 தோட்டாக்கள் கொண்ட புதிய பெட்டி ஒன்றையும் வாங்கி வீட்டில் வைத்துவிட்டார். மனைவிக்கு இதில் கொஞ்சமும் விருப்பமில்லை. கேள்விகள் நான்கு: ரைஃபிளைச் சட்டப்படி வைத்துக்கொள்ளலாமா? விலை சரிதானா? இதைத் தொடக்கமாக வைத்து அரிய லீவர் ரைஃபிள்களைச் சேகரிக்க முடியுமா? ஓய்வுக்குப் பிறகு ஊருக்கு எடுத்துச் செல்லலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் ரைஃபிளைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது, தோட்டாப் பெட்டியைப் பற்றி ஒரே வரிதான். நான் அந்த ஒரு வரியில் இருந்து தொடங்குகிறேன். இன்றைய நிலையில் உங்கள் வீட்டில் உண்மையான சட்டச் சிக்கல் அந்தப் பெட்டிதான்.

முதலில் தோட்டாப் பெட்டி

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாதவர்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. குற்றத் தண்டனை பெற்றவர்கள் அதில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். குடியேற்றமல்லாத விசாவில் நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்டவர்களும் அதே பட்டியலில் இருப்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. எச்-1பி, எச்-4, எல்-1, மாணவர்களின் எஃப்-1 எல்லாமே இதில் அடங்கும். நீங்கள் ஒழுங்காக வரி கட்டுகிறீர்கள், உங்கள் மேல் ஒரு வழக்கும் கிடையாது. அதெல்லாம் இங்கே கணக்கில் வராது. ஐ-140 அனுமதியும் நிலையை மாற்றாது. நிரந்தரக் குடியிருப்பு உரிமை கிடைக்கும் வரை நீங்கள் இந்தப் பட்டியலில்தான் இருப்பீர்கள். மீறினால் 15 ஆண்டுகள் வரை சிறை. 2022-க்கு முன்பு அது 10 ஆண்டுகளாக இருந்தது.

சரி, ரைஃபிள் ஆன்டிக் என்றால் விதிவிலக்கு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அந்த விலக்கு துப்பாக்கிக்குத்தான். 44-40 தோட்டாவை இன்றும் தொழிற்சாலைகள் செய்கின்றன. இன்று செய்யப்படும் நகல் ரைஃபிள்களிலும் ரிவால்வர்களிலும் அதையே போட்டுச் சுடுகிறார்கள். அதனால் சட்டத்தின் கண்ணில் அது சாதாரணத் தோட்டா. 1891-இல் செய்த ரைஃபிளை வைத்திருக்க உங்களுக்குக் கூட்டாட்சிச் சட்டம் தடை சொல்லவில்லை. அதில் போடும் புதிய தோட்டாவுக்குத் தடை சொல்கிறது. கேட்க விசித்திரமாக இருந்தாலும் நிலைமை இதுதான்.

ஆகவே அந்தப் பெட்டியை நீங்களாக யாருக்கும் விற்கவோ, தபாலில் அனுப்பவோ, காரில் வைத்துக்கொண்டு அலையவோ வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு யோசனை கேட்கவும் வேண்டாம். துப்பாக்கிச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் தெரிந்த ஒரு வழக்கறிஞரை இந்த வாரமே நேரில் பாருங்கள். அதை எப்படி முறையாக ஒப்படைப்பது என்பதை அவர் பார்த்துக்கொள்வார். அவரிடம் நீங்கள் சொல்வது உங்கள் இருவருக்குள் இருக்கும். நண்பர்களிடம் சொல்வதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

கடிதத்தின் ஓரத்தில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: அலுவலக நண்பர்களோடு சுடும் பயிற்சிக் கூடத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியால் சுட்டதாக. "அது என்னுடையது இல்லையே" என்பது உங்கள் நினைப்பு. கையில் எடுத்து வைத்திருப்பதே போதும், உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. 2019-இல் உச்ச நீதிமன்றம் வரை போன ரெஹைஃப் வழக்கு இப்படித்தான் தொடங்கியது. மாணவர் விசாவில் வந்து, படிப்பு நின்றதால் அந்த நிலையை இழந்த ஓர் இளைஞர், ஃப்ளோரிடாவில் ஒரு பயிற்சிக் கூடத்தில் சுட்டார். தடை செய்யப்பட்ட பிரிவில் தான் இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அது முக்கியமான தீர்ப்புதான். ஆனால் இந்தப் பதிலைப் படித்த பிறகு "எனக்குத் தெரியாது" என்று நீங்கள் சொல்ல முடியாது. நண்பர்கள் அடுத்த முறை கூப்பிட்டால் காபி குடிக்க மட்டும் போங்கள்.

ஒரு வழி திறந்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் முறையாக வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்குக் கூட்டாட்சித் தடையில் விலக்கு உண்டு. எச்-1பியில் இருப்பவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்து, உரிமம் எடுத்து, இந்த வழியில் போவது உண்டு. சட்டம் தந்திருக்கும் வழிதான், குறுக்கு வழி இல்லை. ஆனால் உரிமம் ஒரு நாள் காலாவதியானாலும் விலக்கும் அன்றோடு போய்விடும். இப்போது உரிமம் எடுத்தாலும் ஏற்கெனவே வாங்கிய தோட்டாவை அது பின்தேதியிட்டுச் சரி செய்யாது. அதோடு, இந்த விலக்கு கூட்டாட்சிச் சட்டத்துக்கு மட்டும்தான். நியூஜெர்சி தனியாகக் கேட்கும்.

1898 என்ற வருடம் எங்கே செல்லும், எங்கே செல்லாது

விற்பவர் உங்களிடம் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது பாதி உண்மை. 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 1898-இலோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கி ஆன்டிக். கூட்டாட்சிச் சட்டம் அதைத் துப்பாக்கியாகவே கணக்கில் எடுப்பதில்லை. அதற்குத் தோட்டா இன்று கிடைக்கிறதா இல்லையா என்பதும் இங்கே கேள்வி இல்லை. பென்சில்வேனியாவிலும் ஏறக்குறைய இதே நிலைதான். அந்த வீட்டு வாசலில் நின்றபடி பார்த்தால் அவர் சொன்னது சரி.

ஆனால் நீங்கள் அங்கே குடியிருக்கவில்லை. டெலவேர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் நியூஜெர்சி. இங்கே ஆன்டிக் என்பதற்கு வரையறையே வேறு. சுட முடியாத நிலையில் உள்ளது, அல்லது குண்டும் மருந்தும் ஒரே உறையில் அடங்கிய தோட்டாவைப் பயன்படுத்தாதது, அல்லது 1898-க்கு முன்பு செய்யப்பட்டு அதற்கான தோட்டா கடையில் கிடைக்காதது: இந்த மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். கூடவே அதை அரும்பொருளாகவோ வரலாற்று மதிப்புக்காகவோ வைத்திருக்க வேண்டும். உங்கள் வின்செஸ்டருக்கு வயது போதும். ஆனால் அதன் தோட்டா இன்று எந்தப் பெரிய துப்பாக்கிக் கடையிலும் கிடைக்கிறது, நீங்களே வாங்கியிருக்கிறீர்கள். அதனால் நியூஜெர்சியைப் பொறுத்தவரை அது ஒரு சாதாரண ரைஃபிள். துப்பாக்கி வாங்குவோருக்கான அடையாள அட்டை இல்லாமல் அதை வாங்கவும் வைத்திருக்கவும் முடியாது. அட்டை இல்லாமல் ரைஃபிள் வைத்திருப்பது இங்கே மூன்றாம் நிலைக் குற்றம். 3 முதல் 5 ஆண்டுகள் வரை சிறை.

அட்டைக்கு உள்ளூர்க் காவல் நிலையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கைரேகை, பின்னணிச் சோதனை, 2022-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு பயிற்சிச் சான்று எல்லாம் கேட்பார்கள். உங்கள் விசா நிலையில் வேட்டை உரிமம் இல்லாமல் அந்த விண்ணப்பத்தைத் தொடவே தொடாதீர்கள். தெரியாமல் தவறான பதில் எழுதிவிட்டால் அது தனிப் பிரச்சினையாகிவிடும்.

உங்கள் பயங்களில் ஒன்றை மட்டும் நீக்கிவிடலாம். 1873 ரைஃபிளின் குழாய்க்குள் 15 தோட்டா வரை பிடிக்கும், நியூஜெர்சியில் 10-க்கு மேல் கூடாதாமே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கட்டுப்பாடு தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளுக்கு. லீவர் ரைஃபிளில் ஒவ்வொரு முறையும் கையால் லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தால்தான் வெற்று உறை வெளியே விழுந்து அடுத்தது உள்ளே ஏறும். எனவே அந்த விதி இதைத் தொடாது.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் குடிவரவு. துப்பாக்கி தொடர்பான குற்றத்துக்குத் தண்டனை பெற்றால் நாடு கடத்தலாம் என்று குடிவரவுச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. எச்-1பிக்காரர் மட்டுமில்லை, கிரீன் கார்டு வைத்திருப்பவரும் அதில் சிக்குவார். ஆன்டிக் துப்பாக்கி சம்பந்தப்பட்ட வழக்குகளில் வாதாட இடம் உண்டு, கூட்டாட்சி வரையறை அதை விலக்குகிறதே என்று சொல்லலாம். ஆனால் அந்த வாதத்தைக் குடிவரவு நீதிமன்றத்தில் நின்று செய்யும் நிலைக்கு உங்கள் குடும்பம் ஏன் போக வேண்டும்?

மச்சான் பென்சில்வேனியாவில் இருக்கிறார், குடியுரிமை பெற்றவர், அவர் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் யோசனைகளிலேயே நல்லது இதுதான். அவரே வாங்கி, அவர் பெயரிலேயே ரசீது போட்டு, அவர் வீட்டுப் பூட்டுக்குள்ளேயே இருக்கட்டும். போகும்போது பார்த்துவிட்டு வாருங்கள். அவர் அதற்குத் தோட்டா வாங்கி வைத்திருந்தால் அது உங்கள் கைக்கு வரக் கூடாது. அந்த அலமாரியின் சாவியும் உங்களிடம் இருக்கக் கூடாது. "இந்த வாரம் மட்டும்" என்று நியூஜெர்சிக்குக் கொண்டுவரும் பேச்சே வேண்டாம்.

பளபளப்பு விலையைக் கூட்டாது, குறைக்கும்

நான் வழக்கறிஞர்தான்; மதிப்பீட்டாளர் இல்லை. ஆனால் சேகரிப்பாளர்களின் விற்பனை ஒப்பந்தங்களையும் அதில் வரும் சண்டைகளையும் தொடர்ந்து பார்த்து வருவதால், உங்கள் வர்ணனையைப் படித்ததுமே கை நின்றுவிட்டது. 130 வருடத்துக்கு மேலான ரைஃபிள் புதிது போல மின்னுகிறது என்றால், பெரும்பாலும் யாரோ அதைத் தேய்த்து மறுபடி மெருகேற்றியிருக்கிறார்கள்.

இந்தத் துறையில் மிக உயர்ந்த விலை, தொழிற்சாலையில் போட்ட முதல் மெருகு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதற்குத்தான். முதல் நீல மெருகு தேய்ந்து பழுப்பேறிப் போயிருந்தாலும், அது நேர்மையான தேய்மானம். மறுமெருகு போட்டது எவ்வளவு அழகாக இருந்தாலும் சேகரிப்பாளர் பாதி விலைக்குக் கூடத் தயங்குவார். குழலில் உள்ள எழுத்துகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். விளிம்புகள் மழுங்கி, எழுத்து ஆழம் குறைந்து, மங்கலாகத் தெரிந்தால் தேய்த்திருக்கிறார்கள். திருகாணித் துளைகளைச் சுற்றி உலோகம் கிண்ணம் போலச் சற்றே குழிந்திருந்தால் அதுவும் இயந்திரத்தில் தேய்த்ததற்கு அடையாளம். எண்கோணக் குழலின் முனைகள் கூர்மையாக இல்லாமல் வழுவழுப்பாக இருந்தாலும் அதே கதை. மரக்கட்டை உலோகத்தோடு சேரும் இடத்தில் மரம் உலோகத்தை விடத் தாழ்ந்திருந்தால் மரத்தையும் உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள்.

நெவாடாவில் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில் 2014 நவம்பரில் நடந்ததைச் சேகரிப்பாளர்கள் அடிக்கடி சொல்வார்கள். ஒரு ஜூனிப்பர் மரத்தில் சாய்த்து வைத்தபடி ஒரு வின்செஸ்டர் 1873 கிடைத்தது. 1882-இல் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பியது என்று பதிவேடு சொன்னது. மரம் வெளுத்து, வெடித்து, அடிக்கட்டை மண்ணில் புதைந்திருந்தது. வல்லுநர்கள் அதைப் புதிதாக்கவில்லை. மேலும் சிதையாமல் உறுதிப்படுத்தியதோடு நிறுத்திக்கொண்டார்கள். அதைத் தேய்த்து எண்ணெய் போட்டிருந்தால் இன்னொரு பழைய ரைஃபிள் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். அது அத்தனை வருடம் வெயிலிலும் பனியிலும் நின்ற கதை அழிந்து போயிருக்கும்.

அந்தப் பதிவேடு இருக்கும் இடம் வயோமிங் மாநிலத்தில் கோடி (Cody) என்ற நகரில் உள்ள துப்பாக்கி அருங்காட்சியகம். வின்செஸ்டர் தொழிற்சாலையின் பழைய பேரேடுகள் அங்கே இருக்கின்றன. வரிசை எண்ணைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால் கடிதம் தருவார்கள்: எந்தத் தோட்டாவுக்குச் செய்தது, குழல் வட்டமா எண்கோணமா, எந்த மாதிரி விசை, கிடங்குக்கு எப்போது வந்தது, எப்போது அனுப்பப்பட்டது என்று அதில் இருக்கும். எல்லா எண்களுக்கும் பேரேடு தப்பிப் பிழைக்கவில்லை. 1873 ரகத்துக்கு நடுவில் இடைவெளிகள் உண்டு. 1894 ரகத்துக்கு 353,999-ஆம் எண் வரைதான் இருக்கிறது. 1883 முதல் 1906 வரையிலான மார்லின் ரைஃபிள்களின் பதிவுகளும் அங்கேயே உள்ளன. உங்கள் ரைஃபிளின் எண் விசைக்குப் பின்னால் கட்டைக்குள் போகும் அடிப்பட்டையில் இருக்கும். அந்த எண் இல்லாமல், கடிதம் இல்லாமல், "1891" என்ற விற்பவரின் வார்த்தைக்கு மதிப்பில்லை. அச்சான வருடப் பட்டியல்களும் தொழிற்சாலைப் பேரேடும் சில ரகங்களில் ஒத்துப்போவதில்லை. 1898-ஐ ஒட்டிய எண்களில் இந்த வேறுபாடு சட்டப் பிரச்சினையாகவே மாறும்.

கடிதம் வந்தபின் ரைஃபிளோடு ஒப்பிடுங்கள். பேரேட்டில் வட்டக் குழல் என்று இருந்து கையில் எண்கோணக் குழல் இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். அரிய ரகங்களில் இந்த ஏமாற்று அதிகம். வின்செஸ்டர் நிறுவனம் மிகத் துல்லியமாகச் சுட்ட குழல்களைத் தேர்ந்தெடுத்து "ஆயிரத்தில் ஒன்று" என்று பொறித்து 1870-களில் 100 டாலருக்கு விற்றது. 1873 ரகத்தில் அப்படி வந்தவை 130-ஐ ஒட்டித்தான் இருக்கும். அந்தப் பொறிப்பைப் பிற்காலத்தில் போலியாக வெட்டியவர்கள் பலர். பேரேடுதான் அவர்களைக் காட்டிக்கொடுக்கிறது.

இதில் வரலாறு எவ்வளவு விலை பெறும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். வின்செஸ்டர் 1886 ரகத்தின் முதல் எண் கொண்ட ரைஃபிள், அப்பாச்சிப் பழங்குடித் தலைவர் ஜெரோனிமோவைத் தேடிச் சென்ற படைப்பிரிவின் கேப்டன் ஹென்றி லாட்டனுக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டது. 2016-இல் ஏலத்தில் அது 12 லட்சத்து 65 ஆயிரம் டாலருக்குப் போனது. யாருடையது என்பதற்கு மறுக்க முடியாத சான்று இருந்தது, எண் 1 ஆக இருந்தது. சான்று இல்லாத குடும்பக் கதைக்கு ஒரு டாலர் கூடக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

முன்பணம் பற்றி. விற்பவர் குறுஞ்செய்தியில் "எல்லாம் ஒரிஜினல், முதல் மெருகு" என்று எழுதியதாகச் சொல்கிறீர்கள். அதை அழிக்காமல் வைத்திருங்கள். விற்பனைச் சட்டத்தில் பொருளைப் பற்றி விற்பவர் தரும் இத்தகைய வர்ணனை உத்தரவாதமாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஒரு நடுநிலை மதிப்பீட்டாளர் பார்த்து மறுமெருகு என்று சொன்னால், பணத்தைத் திரும்பக் கேட்க உங்களுக்கு நல்ல அடிப்படை இருக்கிறது. மரியாதையாக, எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும்.

அப்படியானால் எதைச் சேகரிப்பது?

இந்தக் கேள்வியில்தான் உங்களுக்கு நல்ல செய்தி. நியூஜெர்சி வரையறையை மறுபடி படியுங்கள்: 1898-க்கு முன்பு செய்தது, தோட்டா கடையில் கிடைக்காதது. லீவர் ரைஃபிள்களின் தொடக்க காலத்தைப் பார்த்தால் இந்த இரண்டுக்கும் பொருந்துபவை நிறைய. அப்போதைய தோட்டாக்கள் பல, அடித்தட்டின் விளிம்பில் தீப்பற்ற வைக்கும் மருந்து கொண்டவை; அவற்றின் தயாரிப்பு எப்போதோ நின்றுவிட்டது.

நியூ ஹேவன் நகரில் சட்டை தைத்து விற்றுப் பணக்காரரான ஆலிவர் வின்செஸ்டர், நொடித்துப்போன வால்கானிக் துப்பாக்கி நிறுவனத்தை எடுத்து நடத்தினார். அவரிடம் வேலை பார்த்த பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860-இல் காப்புரிமை பெற்ற ரைஃபிள்தான் இந்த வம்சத்துக்கு மூத்தது. சுமார் 14,000 மட்டுமே செய்தார்கள். ஆறாம் எண் ஹென்றி ரைஃபிள் அதிபர் லிங்கனுக்குப் பரிசாகப் போனது. இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுத்து வந்தது பக்கவாட்டில் தோட்டா ஏற்றும் கதவு வைத்த 1866 ரகம். வெண்கல உடலின் நிறத்தால் அதற்கு "மஞ்சள் பையன்" என்று பெயர். இரண்டும் 44 ஹென்றி விளிம்புத் தோட்டா போடுபவை. உங்கள் 1873-ஐ விட இவை பழையவை, அரியவை, விலையும் மிக அதிகம். ஆனாலும் நியூஜெர்சியில் சட்டப்படி இவை எளிது.

விலை தாங்காது என்றால் ஸ்பென்சர் ரைஃபிளைப் பாருங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் குதிரை வீரர்கள் ஏந்தியது. லீவரை இழுத்தால் அடிக்கட்டைக்குள் இருக்கும் குழாயிலிருந்து தோட்டா வரும், மொத்தம் ஏழு. ஆனால் சுத்தியைக் கட்டைவிரலால் தனியாக இழுக்க வேண்டும். 1863 ஆகஸ்டில் லிங்கனே வெள்ளை மாளிகைக்கு அருகில் இதைச் சுட்டுப் பார்த்தார். வரலாறும் கனமாக இருக்கிறது, போருக்காக ஏராளமாகச் செய்ததால் கிடைக்கவும் செய்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது மெய்ன் மாநிலத்தில் மெக்கானிக் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் செய்த எவன்ஸ். வாரன் எவன்ஸ் என்ற பல் மருத்துவர் வடிவமைத்தது. அடிக்கட்டைக்குள் சுழலும் அமைப்பில் 34 தோட்டா பிடித்தது. 1873-இல் தொடங்கிய நிறுவனம் 1879-இல் மூடிவிட்டது. சேகரிப்பு என்றால் எல்லோரிடமும் இருப்பதைப் பத்து வாங்குவதா, அல்லது ஒரு காலத்தின் தேடலைக் காட்டும் இரண்டு மூன்றை வைத்திருப்பதா என்று யோசியுங்கள். நான் இரண்டாவதன் பக்கம்.

ஓர் எச்சரிக்கை. "கடையில் கிடைக்காதது" என்பதற்குச் சட்டம் பட்டியல் தரவில்லை. மறைந்துபோன தோட்டாக்களைச் சிறு பட்டறைகள் இன்று சிறிய அளவில் செய்து விற்பதும் உண்டு. ஸ்பென்சரைப் புதுத் தோட்டா சுடுவதற்கு ஏற்ப மாற்றியிருந்தால் நிலைமையே மாறிவிடும். எனவே ஒவ்வொரு ரைஃபிளுக்கும் வாங்கும் முன் உங்கள் வழக்கறிஞரிடம் எழுத்தில் கருத்து வாங்கி, அதை ரசீதோடு சேர்த்து வையுங்கள். எந்த அரிய ரைஃபிளையும் சுட முடியாதபடி துளை போட்டு ஆன்டிக் ஆக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். திரும்பக் கிடைக்காத ஒரு பொருளை அழிப்பது அது.

நவீன நகல்களும் இதில் சேராது. இத்தாலியில் இன்று செய்யும் 1873 நகல் எவ்வளவு அச்சு அசலாக இருந்தாலும் அது புதிய துப்பாக்கி. எச்-1பியில் அதைத் தொடக் கூடாது. கிரீன் கார்டு வந்தபின், 50 ஆண்டுக்கு மேற்பட்டவற்றைச் சேகரிப்போருக்கான கூட்டாட்சி உரிமம் ஒன்று இருக்கிறது; மூன்று ஆண்டுக்கு 30 டாலர். 1898-க்குப் பிந்தைய வின்செஸ்டர், மார்லின், சாவேஜ் எல்லாம் அப்போது உங்களுக்குத் திறக்கும். நியூஜெர்சி அட்டை அப்போதும் வேண்டும்.

உங்கள் மனைவி சொல்வது

"பழைய இரும்புக்கு எதற்கு இவ்வளவு பயம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. தோட்டாவும் அதைச் சுடும் ரைஃபிளும் ஒரே அலமாரியில், வீட்டில் ஒன்பது வயதுப் பையன். ரைஃபிள் 1891-இல் செய்தது என்பதால் அது சுடாமல் இருந்துவிடாது. அதுவும் கரிமருந்துக் காலத்து உலோகத்தில் இன்றைய கடுமையான தோட்டாவைப் போட்டால் சுடுபவருக்கே ஆபத்து. அவருடைய விசாவும் உங்கள் விசாவில்தான் தொங்குகிறது என்பதையும் மறக்க வேண்டாம். தோட்டா என்றைக்கும் இந்த வீட்டுக்குள் வராது என்று அவரிடம் சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். பிறகு ஒரு விடுமுறையில் மூவருமாகக் கோடி அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். யெல்லோஸ்டோன் போகும் வழிதான். அவருக்கும் பிடித்துப் போகலாம்.

ஊருக்கு எடுத்துச் செல்வது

1898 என்ற வருடத்துக்கு இந்தியச் சுங்கத்தில் எந்த மதிப்பும் இல்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 45-வது பிரிவு பழமையான ஆயுதங்களுக்கு விலக்கு தருவது உண்மைதான். ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாததாக இருந்தால் மட்டுமே அந்த விலக்கு. சுடக்கூடிய வின்செஸ்டர் அங்கே உரிமம் தேவைப்படும் துப்பாக்கி. நிரந்தரமாகத் திரும்பி வருபவர் பல நிபந்தனைகளோடு ஒரே ஒரு துப்பாக்கி கொண்டுவர வழி இருக்கிறது. அதற்கும் உரிமம் வேண்டும். 2019 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, குடும்பச் சொத்தாக வந்ததும் அந்தக் கணக்கில் சேரும். உரிமம் இல்லாமல் கொண்டுவருவது கடும் குற்றம்.

கிளம்பும் இடத்திலும் ஒரு வேலி இருக்கிறது. அமெரிக்க ஏற்றுமதி விதிகளில் ஆன்டிக் என்பதற்கு எல்லை 1898 இல்லை, 1890-க்கு முன்பு. உங்கள் 1891 ரைஃபிள் நூலிழையில் அதைத் தவறவிடுகிறது; வெளியே அனுப்ப வணிகத் துறையின் ஏற்றுமதி உரிமம் பார்க்க வேண்டிவரும். 1860-களின் ஸ்பென்சரோ 1866-ஓ அந்த எல்லைக்குள் வரும் என்றாலும், இந்தியப் பக்கம் உரிமம் கிடைக்குமா என்பது திருநெல்வேலி மாவட்ட நிர்வாகத்தின் கையில். சேகரிப்பு முழுவதையும் கொண்டுபோகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். திரும்பும் நாள் நெருங்கும்போது அமெரிக்காவிலேயே ஏலத்தில் விற்பதோ, மச்சானுக்குக் கொடுப்பதோ, அருங்காட்சியகத்துக்குத் தருவதோ நடக்கக்கூடிய வழிகள். அதற்கும் கோடி அருங்காட்சியகத்தின் கடிதங்களும் ரசீதுகளும் வழக்கறிஞர் கருத்துகளும் ஒரே கோப்பில் இருந்தால் வேலை சுலபம். கோப்பை இப்போதே தொடங்குங்கள். முதல் தாளாக அந்த விற்பவரின் குறுஞ்செய்தியை அச்செடுத்து வையுங்கள்.